கோலசிலாங்கூர் போகும் பிளாட்பாரம்

உங்களில் சிலரை என்னுடைய பழைய ஸ்டேஷனுக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. ரவாங்கைத் தாண்டி வடக்கே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், தூங்கிக்கொண்டே வேலை பார்ப்பதுபோல் இருக்கும் ஸ்டேஷன் அது. விடியற்காலையில் பனி தண்டவாளத்தின் மேல் படுத்திருக்கும். ரயில் வருவது கண்ணுக்குத் தெரியாது. மேலே மின்கம்பி மட்டும் மெல்ல முனகத் தொடங்கும். பிறகு பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் ஊறும். அதற்கும் பிறகுதான் ரயில். ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும், கண் விழிக்கும் நேரத்தில் அந்தக் கம்பியின் முனகல் எனக்குக் கேட்கிறது. பக்கத்து வீட்டு ஏர்கான் சத்தம் அது என்கிறாள் என் மகள். அப்படியே இருக்கட்டும்.

டிக்கெட் இயந்திரத்தை எப்படித் திறப்பது, கதவு மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு தைப்பூச நாள் மாலையைப் பற்றி. அதற்கு முன்னால் அந்த ஸ்டேஷனின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

முதல் பிளாட்பாரம் ஊர்ப்பக்கம் இருக்கிறது. அலுவலகம், டிக்கெட் கவுண்ட்டர், வெளிவாசல், பஸ் நிற்குமிடம் எல்லாம் அங்கேதான். எதிரே இரண்டாவது பிளாட்பாரம். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் அங்கே இறங்கி, மேம்பாலம் ஏறி, இந்தப் பக்கம் வந்துதான் வெளியே போக வேண்டும். இரண்டாவதற்குப் பின்னால் ஒரு வேலி. வேலிக்கு அப்பால் அகலமான வாய்க்கால். வாய்க்காலுக்கும் அப்பால் லாலாங் புல் மண்டிக் கிடக்கும் ஒரு நீளமான மேடு. புதிதாக வருகிறவர்கள் வெறும் மேடு என்றுதான் நினைப்பார்கள். அது மூன்றாவது பிளாட்பாரம்.

ஒரு காலத்தில் அங்கிருந்து மேற்கே, கடற்கரைப் பக்கம், ஒரு கிளைப்பாதை போயிருக்கிறது. நிலக்கரியும் ரப்பரும் அதில் வந்தன. தோட்டங்களுக்கு ஆட்கள் அதில் போனார்கள். நான் அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் கப்பலை விட்டு இறங்கி ரயில் மாறிய இடம் இதுதான் என்று வீட்டில் பேச்சு உண்டு. உண்மையா என்று தெரியாது. கேட்டுச் சொல்ல யாரும் மிச்சமில்லை. பிறகு நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், புல் வந்து உட்கார்ந்துகொண்டது.

மின்சார ரயிலுக்காக ஸ்டேஷனை இடித்துக் கட்டியபோது, கடற்கரைப் பக்கம் மறுபடியும் ரயில் விடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை நம்பி, மேம்பாலத்தை இரண்டாவது பிளாட்பாரத்தோடு நிறுத்தாமல் வாய்க்காலுக்கு மேலே நீட்டினார்கள். மூன்றாவதில் இறங்க ஒரு படிக்கட்டும் கட்டினார்கள். ரயில் வரவில்லை. பேச்சும் அடங்கிப்போனது. பாலத்தின் அந்த நுனியில் ஓர் இரும்பு கேட்டை மாட்டிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். படிக்கட்டுக்குக் கூரைகூடப் போடவில்லை. மழையும் குரங்குகளும்தான் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வராத ரயிலுக்காகப் பொறுமையாகக் காத்திருப்பதுபோல் இருக்கும்.

இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் ரெங்கசாமி. கோலசிலாங்கூர் பஸ் ஓட்டுபவர். கடற்கரை ஊரான ஜெராம்காரர். ரயில் தாமதம் என்றால் பஸ்ஸை நகர்த்தமாட்டார். கம்பெனிக்காரர்கள் போனில் திட்டுவார்கள். "ரயில் வராம நான் போய் யாரை ஏத்துறது? ஜெராம் கடலையா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவார். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இணைப்பு உண்டு என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஸ்டேஷனில் அந்த இணைப்பு ரெங்கசாமிதான்.

இன்னொருவரின் பெயர் எனக்குத் தெரியாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசும் ஒரு குரல். மலாய்க்காரர். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்வதுபோல என்னை "காக்" என்று கூப்பிடுவார். நான் மேற்பார்வையாளரான புதிதில் ஒரு நாள், தோட்டத்து மாடுகள் தண்டவாளத்தில் ஏறிவிட்டன. பதறிப்போய், "ஆபத்து, உடனே ரயிலை நிறுத்துங்கள்" என்று போனில் கத்தினேன். அந்தக் குரல் பதறவே இல்லை. "காக், உங்கள் கண் என்னிடம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை அப்புறம் சொல்லுங்கள். இப்போது என்ன தெரிகிறது, அதைச் சொல்லுங்கள்" என்றது. மாடுகள், இந்தப் பாதையில், இந்தச் சிக்னலுக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ரயில் நின்றிருந்தது. அன்றிலிருந்து அவரிடம் நான் கண்ணால் கண்டதை மட்டுமே சொன்னேன். ஆளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன்.

தைப்பூசத்தன்று பத்துமலைச் சாலைகள் அடைத்துக்கொள்ளும். அதனால் கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சுங்கை புரோங் பக்கத்து ஜனங்கள் நிறையப் பேர் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்துதான் ரயில் பிடிப்பார்கள். காலையில் போகும்போது ஒரே சிரிப்பும் மேளமுமாக இருக்கும். மாலையில் திரும்பும்போது வேறு ஜனங்கள்போல் ஆகியிருப்பார்கள். மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும். மஞ்சள் சேலைகளில் பால் வாசம் வீசும். பிள்ளைகள் தோளில் தூங்குவார்கள், பெரியவர்கள் நடந்துகொண்டே தூங்குவார்கள். எல்லாரும் ஒரே கனவைக் கண்டு, அதிலிருந்து இன்னும் முழுதாக வெளியே வராதவர்கள்போல் பாலத்தைக் கடப்பார்கள். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாலை அது.

அன்று மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. செம்பனை ஓலைகளின் மேல் செம்பு நிறத்தில் ஒரு வெளிச்சம் தங்கியிருந்தது. சிறப்பு ரயில் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அப்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போனவர்கள் வெளிவாசலில் நின்றுவிட்டார்கள். பஸ் நிற்குமிடத்தில் கூரை கிடையாது. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யார் மழையில் இறங்குவார்கள்?

காவலுக்கு இருந்த துணைப் போலீஸ்காரர் குமரேசன் வாசலில் நின்று, "அண்ணே, கொஞ்சம் நகருங்கண்ணே, பின்னால ஆளு வருது" என்று கும்பிட்டுக் கேட்டுக் கொஞ்சம் பேரை வெளியே அனுப்பிவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலுக்கு எதிரே இருந்த மரத்தின் மேல் இடி விழுந்தது.

வெளியே போனவர்கள் அலறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். வெளிவாசலை ஒட்டிய கூடம் நிரம்பியது. படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி மேலே தள்ளப்பட்டார்கள். எதிர்ப்பக்கத்தில், இரண்டாவது பிளாட்பாரத்தில் நனைந்தவர்கள் கூரையைத் தேடிப் பாலத்துக்கு ஏறிக்கொண்டே இருந்தார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது, இங்கே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கத் தள்ளலுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் பாலத்தின் மூன்றாவது பிளாட்பாரத்து நுனிக்கு ஒதுங்கினார்கள். அங்கே கேட் பூட்டியிருந்தது.

நான் அலுவலகத்தில் கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் பேசிப் பார்த்தேன். தகரக் கூரையில் விழுந்த மழைக்கு அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரையில் படம்தான் தெரியும், சத்தம் வராது. அதனால் வெளியே வந்து, பாலத்தின் கீழே நின்று காதைக் கொடுத்தேன்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கத்துகிற கூட்டத்தைப் பார்த்து மிரளாதீர்கள். கத்துகிறவர்களின் நெஞ்சில் காற்று இருக்கிறது. மழை சற்றே ஓய்ந்த ஒரு கணத்தில், அத்தனை பேர் நின்ற அந்தப் பாலத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு கைக்குழந்தை மட்டும் தலைகளுக்கு மேலே, கை மாறிக் கை மாறி, தண்ணீரில் மிதப்பதுபோல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கத்துவதற்கு அங்கே யாருக்கும் மூச்சில்லை என்று புரிந்தது.

போனை எடுத்தேன். அடுத்த சிறப்பு ரயில் முந்தைய ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது என்றது அந்தக் குரல். அதற்குப் பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது, நிறுத்தினால் பாதை முழுக்க நிற்கும்.

"என்ன தெரிகிறது, காக்?"

"பாலத்தில் ஜனம் அசையவில்லை. ஒரு குழந்தையைத் தலைக்கு மேலே கை மாற்றுகிறார்கள். சத்தம் இல்லை."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி. எந்த ரயிலும் வராது. இரண்டு பாதையும் உங்களுடையது" என்றார். எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்கவில்லை.

சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டேன். குமரேசனைக் கூப்பிட்டேன். துப்புரவு வேலை பார்த்த பங்களாதேஷ்காரர்கள் இரண்டு பேர் கேட்காமலே கூட வந்தார்கள். பஸ்ஸுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்ற ரெங்கசாமியும் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். தண்டவாளங்களைக் கடந்து, வேலியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, வாய்க்காலின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்து, லாலாங்கை விலக்கிக்கொண்டு மூன்றாவது பிளாட்பாரத்தில் ஏறினோம். படிக்கட்டின் அடியில் கொடி பின்னிக் கிடந்தது. யாரும் வரக்கூடாது என்ற பலகை சாய்ந்து தொங்கியது.

குமரேசன் தயங்கினார். "அக்கா, இது தாங்குமா? கட்டுனதுல இருந்து ஒரு ஆளுகூட ஏறுனதில்லை."

எனக்கும் அந்தப் பயம்தான். உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. பாலத்தின் மற்ற இரண்டு படிக்கட்டுகளையும் கட்டியவர்கள்தான் இதையும் கட்டினார்கள், அவை தினமும் ஜனத்தைத் தாங்குகின்றன என்பது மட்டும் தெரியும். "ஏறிப் பாத்துருவோம்" என்றேன். பாசியில் வழுக்கி வழுக்கி ஏறினோம். ஓரிடத்திலும் விரிசல் கண்ணில் படவில்லை.

மேலே கேட்டின் கம்பிகளில் முகங்கள் பதிந்திருந்தன. என்னைப் பார்த்தவர்கள் யாரும் கூச்சல் போடவில்லை. கண்கள் மட்டும் என்னோடு நகர்ந்தன. கம்பியோடு கம்பியாக ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள்தான் மெல்லப் பேசினாள். மூச்சைப் பிய்த்துப் பிய்த்துப் பேசினாள்.

"அக்கா... தொறங்கக்கா."

"தொறக்கிறேன். பேர் என்னம்மா?"

"தேவகி. அசாம் ஜாவா. அக்கா, எங்க வீட்டுக்காரரைப் பாருங்க. காவடி எடுத்தவரு. மயங்கிட்டாரு. ஆனா விழமாட்டேங்கிறாரு."

அவளுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றார். கண் மூடியிருந்தது. தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. கால் மடங்கியும் உடம்பு கீழே போகவில்லை. விழுவதற்கு இடம் இல்லை. நின்றபடியே மயங்கிக் கிடந்தார்.

"எனக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டாரு. நான் நல்லாத்தான் இருக்கேன். இப்ப இவருக்காக நான் யாரைப் போய் வேண்டுறது?" என்றாள் தேவகி.

பூட்டில் சாவி திரும்பியது. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. சங்கிலியை உருவிவிட்டுக் கேட்டை இழுத்தேன். அசையவில்லை. குமரேசனும் சேர்ந்து இழுத்தார். பிறகு கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா. இது உள்பக்கம் தொறக்கிற கேட்."

உள்பக்கம் முழுக்க மனிதர்கள். கேட்டைத் திறக்க ஒரு முழ இடம் வேண்டும். அந்த ஒரு முழத்தைப் பாலத்தில் யாராலும் கொடுக்க முடியாது. "பின்னால போகச் சொல்லுங்க மேடம்" என்றார் ரெங்கசாமி. யாரைச் சொல்வது? முன்னால் நிற்பவர்களுக்குக் கேட்கும், அவர்களால் நகர முடியாது. பின்னால் நிற்பவர்களால் நகர முடியும், அவர்களுக்குக் கேட்காது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியிருந்தோம், வண்டி சாலை நெரிசலில் எங்கே நிற்கிறதோ.

அப்போதுதான் கீலைப் பார்த்தேன். எங்கள் வீட்டு கேட் மாதிரியே இருந்தது. இரண்டு முளைகளின் மேல் கேட்டைத் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். மேலே தூக்கினால் கழன்று வந்துவிடும். கையை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். கழன்றால் என்ன ஆகும்? பின்னால் உள்ள மொத்தத் தள்ளலும் அந்த வாசல் வழியே படிக்கட்டில் பாயும். பாசி பிடித்த, செங்குத்தான படி. பூட்டிய கேட் சிலரைக் கொல்லும். சட்டென்று திறந்த கேட் அதைவிட அதிகம் பேரைக் கொல்லும்.

உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும் கணம். அப்போது ஒரே ஒரு மூச்சு அளவுக்காவது சும்மா நில்லுங்கள். நான் நின்றேன். மழை என் கண்ணுக்குள் விழுந்தது. எல்லாமே ரொம்ப தூரத்தில், மெதுவாக நடப்பதுபோல் இருந்தது. கேட்டைக் கழற்ற வேண்டும், ஆனால் விடக்கூடாது என்று தோன்றியது.

"தேவகி, நான் சொல்றதைக் கேட்டுப் பக்கத்துல உள்ளவங்களுக்குச் சொல்லு. யாரும் தள்ளக்கூடாது. கம்பியைப் புடிச்சு மேல தூக்கணும். கழண்டதும் விட்றக்கூடாது. புடிச்சுக்கிட்டே ஒவ்வொரு படியா இறங்கணும். கேட்டு முன்னால போகும், நீங்க அது பின்னால வரணும். ஓடக்கூடாது."

"இவரு?"

"ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க தாங்கிக்குவாங்க. கீழ வர்ற வரைக்கும் அவரு விழாம இருக்கணும்."

அவள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். "கேட்டு உங்க மேல சாஞ்சா?"

"சாயாது. நீ புடிச்சிருக்கல்ல."

சொல்லும்போது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததா என்று கேட்காதீர்கள். அவள் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் சொல்ல, செய்தி உள்ளே போனது. கைகள் எங்கிருந்தோ நெளிந்து வந்து கம்பிகளைப் பிடித்தன. சந்தனம் பூசிய கைகள், வளையல் கைகள், கயிறு கட்டிய கைகள். நான் "தூக்குங்க" என்றேன். ஆளுக்கொரு நேரத்தில் தூக்கினார்கள். பழைய பெயின்ட் கீலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது தடவையும் அப்படித்தான். ஒரு கிழவரின் கை கம்பியிலிருந்து நழுவியது. 

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ரெங்கசாமி, பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் அதே கரகரத்த குரலில், "வேல்! வேல்!" என்றார்.

உள்ளேயிருந்து, இருந்த கொஞ்சநஞ்ச மூச்சில், "வெற்றிவேல்" என்று பதில் வந்தது. காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள். யோசிக்காமலே வந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

"வெற்றிவேல்னு சொல்லும்போது தூக்குங்க!" என்று கத்தினேன்.

"வேல்! வேல்!"

"வெற்றிவேல்!"

பெயின்ட் வெடித்துச் சிதறியது. கேட் ஒரு விரல் உயர்ந்தது. அடுத்த தடவை முளையை விட்டுக் கழன்று, அப்படியே முழு எடையோடு எங்கள் கைக்கு வந்தது. நான், குமரேசன், ரெங்கசாமி, அந்த இரண்டு பங்களாதேஷ்காரர்கள், ஐந்து பேரும் தோளைக் கொடுத்துத் தாங்கினோம். அந்தப் பக்கத்துக் கைகள் கம்பியை விடவில்லை. தேவகி பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்திருந்தாள்.

இறங்கத் தொடங்கினோம். நாங்கள் பின்னோக்கி நடந்தோம், அவர்கள் முன்னோக்கி. நடுவில் கேட். பக்கச் சுவர்களில் அது கிறீச்சென்று உரசிக்கொண்டு வந்தது. அந்த உரசல்தான் எங்களுக்கு பிரேக். தேருக்கு முன்னால், தேரைப் பார்த்தபடியே பின்னால் நடக்கிறவர்கள்போல் இருந்தோம். ரெங்கசாமி ஒவ்வொரு படிக்கும் வேல் சொன்னார். அவர்கள் பதில் சொல்லிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு நடப்பது என்னவென்று தெரியாவிட்டாலும், முன்னால் நகர்கிறது என்பது உடம்பில் தெரிந்திருக்கும். தள்ளல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பாதியில் குமரேசனின் கால் பாசியில் வழுக்கி முறுக்கிக்கொண்டது.  பக்கத்தில் இருந்த பங்களாதேஷ்காரர் அவருடைய பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தேவகியின் முகத்தில் திருநீறு கரைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு இறங்கினாள். நானும் அவளையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் படிக்கட்டு முடியவே முடியாது என்று ஒரு கட்டத்தில் எனக்குத் தோன்றியது. அது எனக்குப் பயமாகவும் இல்லை.

அப்புறம் என் குதிகாலில் புல் பட்டது.

கேட்டை ஓரமாகத் தூக்கிப் புல்லில் கிடத்தினோம். ஜனங்கள் மூன்றாவது பிளாட்பாரம் முழுக்கப் பரவினார்கள். நின்றார்கள், உட்கார்ந்தார்கள், புல்லில் படுத்தார்கள். மழையை யாரும் பொருட்படுத்தவில்லை. முதலில் ஒரு பிள்ளை அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு பெரியவர்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒரே குரலாக அழுதார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தேவகியின் கணவரை லாலாங்கின் மேல் படுக்க வைத்தார்கள். ரெங்கசாமி கால்களைத் தூக்கிப் பிடித்தார். மழை முகத்தில் நேராக விழுந்தது. இமை அசைந்தது. கண்ணைத் திறந்து, மேலே எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரெங்கசாமியைக் கண்டதும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

"பஸ் வந்திருச்சா?" என்றார்.

தேவகி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் நெஞ்சில் ஓர் அடி கொடுத்தாள். "நிக்க வச்சே என்னைக் கொன்னுட்டீங்களே!" என்று சொல்லிவிட்டு, அந்த நெஞ்சிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

கேட் இருந்த வாசல் வழியே ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பாலம் இளகியது. ஆனால் வெளிவாசல் கூடத்தில் இன்னும் அடைப்பு இருந்தது. இவர்களை மறுபடி அந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனமில்லை. ரெங்கசாமி கிளைப்பாதை போன திசையைக் காட்டினார்.

"மேடம், இந்த மேட்டுலயே நேரா நடந்தா செம்பனைக்கு அந்தாண்ட ரோடு வருது. நான் பஸ்ஸைச் சுத்தி அங்க கொண்டாந்திர்றேன். மத்த பஸ்காரனுங்களையும் கூட்டியாறேன்."

அப்படித்தான் செய்தோம். மழை தூறலாகிவிட்டது. கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் போகிறவர்கள் எல்லாரும் தண்டவாளம் இல்லாத அந்தப் பாதையில் வரிசையாக மேற்கே நடந்தார்கள். இரண்டு பக்கமும் செம்பனை. மரங்களுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. மொட்டைத் தலைகளும் மஞ்சள் சேலைகளும் அதற்குள் ஒவ்வொன்றாகப் போய் மங்கின. ஒரு மூதாட்டி என்னைக் கடந்து போகும்போது, "இது எந்த பிளாட்பாரம்மா, நான் பாத்ததே இல்லையே?" என்று கேட்டார்.

"கோலசிலாங்கூர் போறது பாட்டி" என்றேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு நடந்தார். தேவகியும் அவள் கணவரும் கடைசியாகப் போனார்கள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம்.

விசாரணை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. யாருடைய அனுமதியில் திறந்தேன் என்று கேட்டார்கள். படிக்கட்டின் உறுதியை யார் சோதித்தது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான், உங்களையும் கேட்பார்கள், கோபப்படாதீர்கள். நான் ஏறிப் பார்த்ததைச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறையில் பதிவாகியிருந்த என் குரலைப் போட்டுக் கேட்டார்கள். பாலத்தில் ஜனம் அசையவில்லை, ஒரு குழந்தையைத் தலைக்கு மேலே கை மாற்றுகிறார்கள், சத்தம் இல்லை. அதற்குப் பிறகு அதிகம் கேட்கவில்லை. இப்போது நீங்கள் போனால் அந்தப் படிக்கட்டுக்குக் கூரை இருக்கும். கேட் வெளிப்பக்கம் திறக்கும். போனதும் முதல் வேலையாக ஸ்டேஷனில் உள்ள எல்லாக் கதவுகளையும் உங்கள் கையாலேயே ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு விசாரணை ஞாபகம் வருவதில்லை. அதற்கு முன்னால், அதே மாலையில் நடந்த இன்னொன்று இருக்கிறது.

கூடம் காலியானதும் போனை எடுத்தேன். "இப்போது என்ன தெரிகிறது, காக்?" என்றது குரல். "பாலம் காலி. தரை ஈரமாக இருக்கிறது. இரண்டு செருப்பு கிடக்கிறது" என்றேன். அவர் மூச்சை விடுவது கேட்டது. "ரயிலை விடுகிறேன்" என்றார்.

நடுவழியில் நிறுத்தி வைத்திருந்த ரயில் வந்து நின்றது. கதவு திறந்ததும் வெந்து வேர்த்த ஜனங்கள் கோபத்தோடு இறங்கினார்கள். பாலத்தைக் கடந்து இறங்கி வந்த ஒருவர், நனைந்து சேறாகி நின்ற என் சட்டையில் பெயர்ப்பட்டையைத் தேடிப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மேடம் இது? நடுக்காட்டுல ரயிலை நிப்பாட்டி வச்சிட்டீங்க. ஒரு தகவல் இல்ல. புள்ளைங்க அழுவுது. இதெல்லாம் ஒரு வேலையா?"

"மன்னிச்சுக்குங்க சார். மழை" என்றேன்.

"மழையாம். மலேசியாவுல இன்னைக்குத்தான் மழை பேயுது" என்று தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வெளியே நடந்தார். அவருடைய சின்ன மகள் மட்டும் இன்னும் மேலேயே இருந்தாள். பாலத்தின் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, தட்டாமாலை சுற்றினாள். எந்தப் பக்கம் சுற்றினாலும் அவள் கையில் யாரும் இடிபடவில்லை. அப்பா கூப்பிடும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.